சாக்ரடீசின் தாய்

ஏதென்சு நகரத்துச் சாக்ரடீசை நாம் அறிவோம். நஞ்சுக் கோப்பையை ஏந்திய வேளையிலும் நெஞ்சுரம் குன்றாத அந்த நல்லறிஞனை நம் மேடைகள் மறந்ததில்லை. ஆனால், அவனைப் பெற்றெடுத்த தாயை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பைனாரெட்டி என்பது அவள் பெயர். மருத்துவச்சி வேலை அவள் தொழில். தாய் பிள்ளைப் பேற்றுக்குத் துணை நின்றாள். தான் எண்ணப் பேற்றுக்குத் துணை நிற்பதாக மகன் கூறினான் என்று எழுதி வைத்தான் பிளேட்டோ.

மகனை உலகம் போற்றியது. தாயின் தொழிலை அறிவுத்துறை என்று ஏற்கத்தான் அதற்கு மனம் வரவில்லை!

1871ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி, பேறுகால விடுதிகளைப் பற்றிய தம் நூலைச் சாக்ரடீசின் தாய்க்குக் காணிக்கையாக்கினார். அவர்தாம் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார். அவர் கையில் விளக்கு இருந்ததைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அதே கையில் கணக்கேடு இருந்ததை யார் நமக்குச் சொன்னார்கள்? இலண்டன் புள்ளியியல் கழகம் 1858இல் ஏற்றுக்கொண்ட முதல் பெண் உறுப்பினர் அவர்.

1860இல் புனித தாமசு மருத்துவமனையில் செவிலியர் பள்ளி கண்டார். அடுத்து, சிற்றூர்களுக்கு மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்கக் கிங்சு கல்லூரி மருத்துவமனையில் பேறுகாலக் கூடம் ஒன்று அவருடைய முயற்சியால் திறக்கப்பட்டது. ஏழைத் தாய்மார் நம்பி வந்தனர். வந்தவர்களுள் சிலர் வீடு திரும்பவில்லை. பேறுகாலக் காய்ச்சல் அவர்களைக் கொண்டு சென்றது.

“விதி” என்று சொல்லியிருக்கலாம். “ஆண்டவன் கட்டளை” என்று கண்ணீர் வடித்திருக்கலாம். அம்மையார் அப்படிச் செய்யவில்லை, எண்ணிப் பார்த்தார். இங்கிலாந்து முழுமைக்கும் ஆயிரம் பேற்றுக்கு ஐந்து தாய்மார் அளவில் இறந்தனர். அவருடைய கூடத்திலோ முப்பதுக்கும் மேல்! தாம் வளர்த்த பள்ளி என்று பாசம் காட்டவில்லை. 1867இல் கூடம் மூடப்பட்டது.

மூடியதோடு முடியவில்லை. பல நாட்டு மருத்துவமனைகளின் கணக்கைத் திரட்டி ஒப்பிட்டார். புகழ்பெற்ற பேறுகால விடுதிகளைவிட, ஏழைகளின் இல்லங்களில் சாவு குறைவு என்று கண்டார். அதைத்தான் 1871இல் நூலாக்கினார். ஆசிரியர் வேலையும் ஆராய்ச்சி வேலையும் ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவரையும் நாம் பூசையறையில் வைக்க வேண்டியதில்லை. மருத்துவர் கைவழியே நோய் பரவுவதை வியன்னாவில் செம்மல்வைசு 1847இலேயே உணர்ந்து, குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்து சாவைக் குறைத்திருந்தார். தொற்றுக் கொள்கையை ஏற்க அம்மையார் நெடுங்காலம் தயங்கினார். அக்காய்ச்சலுக்குரிய கிருமியைப் பாசுச்சர் 1879இல் சுட்டிக் காட்டினார். அறிவு ஒருவரோடு முடிவதில்லை. அதனால்தான் அதற்குக் கல்விக்கூடம் வேண்டும்.

அந்தக் கதவும் மெல்லத்தான் திறந்தது. 1907இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில், உலகின் முதல் செவிலியர் துறைப் பேராசிரியரானார் அடிலெய்டு நட்டிங். 1946இல் டில்லியிலும் நம் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்புத் தொடங்கியது. எடின்பரோவில் 1956இல் செவிலியர் கல்விக்கெனப் பல்கலைக்கழகத்திலேயே தனிப்பிரிவு தோன்றியது.

நம் ஊர்களில் நடந்தது என்ன? பிள்ளை பிறந்த வீட்டைத் தீட்டு என்றோம். தொப்புள்கொடி அறுத்தவளைத் தாழ்ந்த சாதி என்றோம். இடுப்பு வலி வந்த நள்ளிரவில் அவள் வாசலுக்கு ஓடினோம். விடிந்ததும் அவளை நம் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அவள் கைகண்ட அறிவைக் கேட்டு எழுதிக்கொள்ள ஏடு எடுத்தவர் எத்தனை பேர்? அவள் அறியாததை அவளுக்குக் கற்பிக்க முன்வந்தவர் எத்தனை பேர்?

தோழர்களே! செவிலியரைத் “தெய்வம்” என்று புகழ்வது எளிது. தெய்வத்துக்குச் சம்பளமும் வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம் அல்லவா? நாம் கேட்பது வேறு. அவள் மனிதப் பெண். கற்கட்டும், கணக்கெடுக்கட்டும், கற்பிக்கட்டும். “இந்தத் தாய் ஏன் இறந்தாள்?” என்று அவள் எழுந்து கேட்கும்போது, “விதி” என்று எவரும் விடை சொல்லாதிருக்கட்டும்!