முழங்கைப் புறக்குமிழ் முறிவு: கூடாமை பற்றிய ஒரு விசாரணை

குழந்தையின் எலும்பு முறிந்தால் தானே கூடிவிடும் என்னும் நம்பிக்கை தாய்மாரிடையே மட்டுமன்றி வைத்தியரிடையேயும் வேரூன்றியிருக்கிறது. முன்கையிலும் தொடையிலும் நேரும் முறிவுகளைப் பொறுத்தமட்டில் அது அனுபவத்தால் உறுதிப்பட்டதே என்பதில் ஆட்சேபமில்லை. ஆனால் மேற்கை எலும்பின் கீழ்முனையில், முழங்கையின் வெளிப்புறத்தே உள்ள குமிழ் வளர்தட்டோடு சேர்ந்து பிளவுறும்போது, அந்நம்பிக்கையே அபாயமாகிவிடுகிறது. கூடாமைக்கு இடந்தரும் சூழல் அம்முறிவின் அமைப்பிலேயே உண்டு என்பது மெய். ஆயினும் அச்சூழலை வெல்லவிடுவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் நாம் காட்டும் அசிரத்தையே என்பது என் துணிபு.

வளர்தட்டு முறிவுகளை ஐந்து வகையாகப் பகுத்து, டொரொண்டோ நகரத்து ரண வைத்தியர்களாகிய சால்ட்டரும் ஹாரிஸும் 1963-இல் வெளியிட்ட முறையில், எலும்புத்தண்டின் முனையிலிருந்து வளர்தட்டை ஊடறுத்து மூட்டுப்பரப்பு வரை செல்லும் பிளவு நான்காம் வகையாகும். புறக்குமிழ் முறிவுகளுள் பலவற்றை அவ்வகையில் வைப்பது வழக்கம். ஏறத்தாழ ஆறு வயதுக் குழந்தை கையை ஊன்றி விழுகிறது, குமிழ் துண்டாகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகள் அத்துண்டிலிருந்தே தொடங்குவதால், அவை ஓயாது இழுத்து அதனைப் புரட்டுகின்றன. பிளவினிடையே மூட்டுநீர் புகுந்து இரத்தக்கட்டியைக் கரைக்கிறது. புரண்ட துண்டின் குருத்தெலும்புப் பரப்பு எலும்போடு எதிர்ப்பட்டு நின்றால் இரண்டும் ஒட்டுவதற்கு வழியே இல்லை. இவற்றோடு, துண்டுக்குரிய இரத்தநாளங்கள் பின்புறத்துச் சிறு இடைவெளி ஒன்றின் வழியே மட்டும் நுழைகின்றன என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். அதன் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

இளங்குழந்தையிடம் துண்டின் பெரும்பகுதி குருத்தெலும்பாதலால், எக்ஸ்ரே படத்தில் மெல்லிய எலும்புச் சில்லு ஒன்றே தென்படும். அதைக் கண்டு அற்பமான காயமென முடிவுசெய்வது எளிது. விலகல் 2 மில்லிமீட்டருக்கு உட்பட்டதாயின் மாவுக்கட்டுப் போதும் என்பது பொதுவான கொள்கை; ஆனால் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் எடுத்த படங்கள் உண்மையான விலகலை மறைத்துவிட, கையை உட்புறமாகச் சாய்த்து எடுக்கும் படமே அதனைக் காட்டுவது அடிக்கடி நிகழ்வது. அன்றியும், முதல்நாள் அசையாதிருந்த துண்டு கட்டுக்குள்ளேயே பின்னர் விலகக்கூடும். சிறிதளவே விலகிய முறிவுகளும் கூடாமற்போகும் என்று ஃபிளின்னும் அவருடைய சகாவும் 1971-லேயே எடுத்துரைத்திருக்க, சாய்வுப் படமும் எடுக்காமல், முதல் வாரத்து மறுபரிசோதனையும் இன்றி, ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி அனுப்புவதை எவ்வாறு நியாயப்படுத்துவது?

விளைவு உடனே புலப்படாது. குழந்தை விளையாடுகிறது, எழுதுகிறது, வலியென்று சொல்வதுமில்லை. மேற்கையின் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே கீழ்முனையிலிருந்து வருவதால் கை குட்டையாவதும் அரிது. ஆனால் கூடாத துண்டு மெல்ல மேலேற, முன்கை வெளிநோக்கிக் கோணுகிறது. முழங்கையின் உட்புறத்தே ஓடும் அல்நார் நரம்பு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, நடுவயதில் சுண்டுவிரல் மரத்துக் கையின் சிறுதசைகள் கரைகின்றன. பிரான்ஸில் பனாஸ் என்பவர் இத்தகைய தாமதித்த நரம்புவாதத்தை 1878-லேயே வர்ணித்திருக்கிறார். பால்யத்தில் நேர்ந்த முறிவுக்கு முப்பது ஆண்டு கழித்து ஒரு தொழிலாளியின் பிடிவலிமை விலையாகிறது. இதனினும் வருந்தத்தக்கது எது?

நாட்டுக் கட்டோடு வாரங்கள் பல கழிந்தபின் வரும் குழந்தைகள் நம் தேசத்தில் பலராதலின், தாமதித்த ரண சிகிச்சை தகுமா என்னும் வினா நமக்கு ஏட்டளவினதன்று. மூன்று வாரங்களுக்குப் பின் மூட்டைத் திறந்து துண்டைப் பொருத்துவது, சிகிச்சையே செய்யாது விடுவதினும் மேலான பயனைத் தரவில்லை என்று யாக்கோபும் அவர் சகாக்களும் 1975-இல் எழுதினர். அதே ஆண்டில் ஃபிளின் குழுவினரோ, துண்டு அதிகம் விலகாமலும் வளர்தட்டு உயிரோடும் இருப்பின், எலும்பு ஒட்டுவைத்து இருந்த இடத்திலேயே பிணைப்பது நலமென வாதித்தனர். இரண்டும் முரணல்ல என்பது என் அபிப்பிராயம். தாமதித்த சிகிச்சைக்கு வந்த அவப்பெயர், மூட்டுப்பரப்பை மீண்டும் அப்பழுக்கற்றதாக்கும் ஆசையால், பின்புறத் திசுக்களை உரித்துத் துண்டின் இரத்த ஓட்டத்தை அறுத்ததிலிருந்தே பெரிதும் வந்தது. அந்த ஆசையைத் துறந்து, பின்புறத்தைத் தொடாமல், இடையிலுள்ள நாரை மட்டும் சுரண்டி, எலும்புத் துகளிட்டு, தண்டுப்பக்கத்துப் பகுதியை ஒரு திருகாணியால் இறுக்கினால், சிறிது கோணலோடேனும் குமிழ் கூடும். கூடியபின் எஞ்சும் கோணலை எலும்பை வெட்டி நேராக்கியும், நரம்பை முன்புறத்துக்கு மாற்றியும் தனியே தீர்த்துக்கொள்ளலாம்.