உரலும் ஆட்டுதலும்: கொங்கு வழக்கில் ஒரு சொற்பொருள் வரலாறு

இலத்தீன் மொழியின் ‘மோர்த்தாரியும்’ என்னும் சொல் இடிகலத்தையும் அக்கலத்திற் குழைத்த சுண்ணச் சாந்தையும் ஒருங்கே குறித்தது. பின்னர் ஐரோப்பிய மொழிகளில், குட்டையான அகல்வாய்ப் பீரங்கிக்கும் வடிவொப்புமையால் அப்பெயர் சென்றது. ஆங்கில ‘மார்ட்டர்’ இம்மூன்று பொருளையும் இன்றும் சுமக்கிறது. தமிழில் இவை உரல், சாந்து அல்லது காரை, சிறுபீரங்கி என வெவ்வேறு பெயர் பெற்றுள்ளன. (ஈழத்துச் செய்தி வழக்கில் ‘மோட்டார் எறிகணை’ என்பது, பொறியைக் குறிக்கும் மோட்டாரோடு எழுத்தளவில் மயங்குவது தனிக்கதை.) உரலின் பெயர் கலத்திலிருந்து கலவைக்குச் செல்லாத தமிழில், உரலின் இனத்தைச் சேர்ந்த கருவிகளை இணைத்தது எது என்னும் வினாவிற்குக் கொங்கு வழக்கு விடை தருகிறது.

உரல் தென்னிந்திய மொழிகளுக்குப் பொதுவான சொல். மலையாளத்தில் உரல், கன்னடத்தில் ஒரளு, தெலுங்கில் ரோலு என வழங்குகிறது. அதன் இணையான உலக்கையும் அவ்வாறே: மலையாளத்தில் உலக்க, கன்னடத்தில் ஒனகெ, தெலுங்கில் ரோகலி. இருக்கு வேதத்தில் இடிகலத்தைக் குறிக்கும் ‘உலூகலம்’ ஆரிய வேர் காட்டுதற்கு அரிய சொற்களுள் ஒன்றாக மொழியியலாரால் கருதப்படுகிறது. எனினும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு அதனைத் தமிழ்ச் சொற்களோடு நேரே பிணைத்தல் பொருந்தாது. உரசுதல், உரைத்தல் என்பவற்றினின்று உரலைத் தருவிப்பதும் எளிதாகத் தோன்றும். ஆனால் தொன்மையான சான்றுகளில் உரலின் தொழில் இடித்தலே; தேய்த்தல் அன்று.

பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பில் நிலத்திற் பதித்த ‘நிலவுரலை’க் காட்டுகிறது. அங்கு மகளிர் குறுகிய உலக்கையால் புல்லரிசியைக் குற்றுகின்றனர். பரணர் பாடிய குறுந்தொகை 89ஆம் பாட்டில் உரற்பாட்டாகிய வள்ளை ஊரார் அலருக்கு இடமாகிறது. அதில் உவமையாக வருவது கொல்லிமலைப் பாவை. கொங்கு நாட்டின் கீழெல்லையில் நிற்கும் அம்மலை உரற்பாட்டொன்றில் இடம்பெறுவது கருதத்தக்கது. யானைக்குக் ‘கறையடி’ என்னும் பெயரும் உண்டு. கறை என்பது உரல். ஆதலால் உரல் போன்ற அடியுடையது என்பர் உரையாசிரியர். இடிக்கும் கலமாகவே உரல் உவமையிலும் பெயரிலும் நிலைபெற்றது.

இடித்தல் சுழற்றுதலாக மாறிய இடத்தில் ‘ஆட்டுதல்’ என்னும் வினை நுழைகிறது. எண்ணெய்ச் செக்கு அடிப்படையில் ஓர் உரலே. அதன் நடுவில் நிற்கும் தண்டு இன்றும் ‘செக்குலக்கை’ எனப்படுகிறது. உலக்கை மேலெழுந்து விழாமல், எருதுகள் சுற்றிவரச் சாய்ந்து சுழல்கிறது. பெயர்கள் மாறவில்லை, வினை மாறியது. கொங்கில் எள்ளையும் கடலையையும் ஆட்டுகின்றனர்; கரும்பையும் ஆட்டுகின்றனர்; ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் ஆட்டுகின்றனர். மிளகாயோ தேங்காயோ அம்மியில் அரைக்கப்படுகிறது. நெல்லும் கம்பும் குற்றப்படுகின்றன. இவ்வேறுபாட்டைச் சமையலறை வழக்கு கண்டிப்பாகவே காக்கிறது. ஒரு குழிக்கல்லுக்குள் ஒரு தண்டோ குழவியோ சுழல வேண்டும் என்பதே ஆட்டுதலின் அடிப்படை எனலாம். கரும்பாலையில் உருளைகளுக்கிடையே நசுக்கும் முறை வந்த பிறகும் அவ்வினை நீங்கவில்லை. கருவி வடிவத்தைக் கடந்து வினை நிலைத்தமைக்கு இதுவே தக்க சான்று.

இவ்வினையின் கொடிய பொருளும் கோவைக்கு உரியது. 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையிலிருந்த வ. உ. சிதம்பரனார் எருது பூட்ட வேண்டிய செக்கை இழுக்குமாறு செய்யப்பட்டார். ‘செக்கிழுத்த செம்மல்’ என்னும் தொடரில் ‘ஆட்டிய’ என்பது வாராமல் ‘இழுத்த’ என வந்தது தற்செயல் அன்று. செக்காட்டுவோர் எருதுகளை ஓட்டும் தொழிலாளர், இழுப்பது எருது. மக்கள் வழக்கு அவ்விழிவை வினையிலேயே பதிவு செய்தது.

வீட்டுக்குரிய சுழலுரல் ஆட்டுக்கல். கொங்குப் பேச்சில் ‘ஆட்டாங்கல்’. இதில் உரல் அசையாது. கைப்பிடி பொருத்திய குழவி சுழலும். மற்றொரு கை மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இட்லி மாவுக்குச் செலவாகும் இவ்வுழைப்பு பெரும்பாலும் பெண்களுடையதாகவே இருந்தது. 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி உருவாக்கிய மின் ஆட்டுக்கல் இம்முறையைத் தலைகீழாக்கியது. மோட்டாரால் கல்லுரல் சுழல, குழவி தன் இடத்தில் நின்றது. ஊத்துக்குளிப் பகுதியின் கருங்கல்லும் கோவையின் மோட்டார்த் தொழிலும் இதற்கு அடிப்படையாயின. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது. மேசைமேல் வைக்கும் வகையில் கல்லுரல் எஃகுக் கலமாகச் சுருங்கிக் கல் அடித்தட்டில் மட்டும் எஞ்சியது. ஒரு குழவி இரண்டு, மூன்று உருளைகளாகப் பெருகியது. ‘உரல்’ என்னும் பெயர் இக்கருவிக்கு வழங்குவதில்லை. ஆயினும் கொங்கு வீடுகளில் கிரைண்டரிலும் மாவு ‘ஆட்ட’வே படுகிறது.