கதைக்கு இடம், காவல்துறைக்குத் தடை: இந்துக் கல்லூரி மாணவர் எழுத்துகள், 1828–1843

கல்கத்தா பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது, முதல் பி.ஏ. தேர்வு அடுத்த ஆண்டு நடந்தது. பட்டம் என்ற ஒன்று கிடைப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே அந்நகரின் இந்துக் கல்லூரி மாணவர்கள் இலக்கியம், வரலாறு, ஆட்சிமுறை குறித்து எழுதியும் வாதிட்டும் வந்தனர். மதிப்பெண்ணுக்காக எழுதப்படாத அந்த எழுத்துகளை வங்க மறுமலர்ச்சியின் அணிகலன்களாகவே பலர் பேசிவருகின்றனர். கால வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். கல்லூரி எதைப் பொறுத்துக்கொண்டது, எதைப் பொறுக்கவில்லை என்பதுதான் அவற்றின் திசையைப் பெரிதும் தீர்மானித்தது.

தொடக்கம் கல்லூரி ஆசிரியர் டெரோசியோவிடம். 1826-இல் அங்கே பணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. மாணவர் பலருக்கும் அவருக்கும் சில ஆண்டுகளே இடைவெளி. 1828 வாக்கில் உருவான ‘அகாடமிக் அசோசியேஷன்’ மாணிக்தலாவின் ஒரு தோட்ட வீட்டில் கூடி விதி, கடவுள், உருவ வழிபாடு, நாட்டுப்பற்று என எதையும் விட்டுவைக்காமல் விவாதித்தது. 1830-இல் மாணவர்கள் வெளியிட்ட ‘பார்த்தினான்’ இதழ் பெண்கல்வியோடு, நீதி பெற மக்களுக்கு ஆகும் செலவையும் பேசியது. கல்லூரி நிர்வாகம் தடுத்ததால் அது ஓர் இதழோடு நின்றது. மறு ஆண்டு டெரோசியோ பதவி விலக நேர்ந்தது. டிசம்பரில் காலராவில் இறந்தார்.

இலக்கியம் மட்டும் தடையின்றி வளர்ந்தது. இதற்கு நல்ல சான்று கைலாஷ் சந்திர தத். மாணவராக இருந்தபோதே அவர் எழுதிய கற்பனைக் கதை 1835-இல் ‘கல்கத்தா லிட்டரரி கெசட்’ இதழில் வந்தது. அக்கதையில், 1945-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞன் ஒருவன் பிரிட்டிஷாருக்கு எதிராக ஆயுதமேந்தி, தோற்று, கொல்லப்படுகிறான். அந்த இதழோடு நெருங்கிய தொடர்புடையவர் டி. எல். ரிச்சர்ட்சன், ஷேக்ஸ்பியர் வாசிப்புக்குப் பேர்போன இவர்தான் பின்னர் இந்துக் கல்லூரியின் முதல்வரானார். கற்பனைக் கிளர்ச்சி எவருடைய தூக்கத்தையும் கெடுத்ததாகத் தெரியவில்லை. பெண்கல்வி பற்றிய கட்டுரைப் போட்டியில் 1842-இல் தங்கப் பதக்கம் பெற்ற மதுசூதன் தத்தும் ரிச்சர்ட்சனை வழிபட்ட மாணவரே. (பின்னாளில் சென்னையில் எட்டாண்டுகள் வாழ்ந்த கவிஞர் இவர்.)

இதற்கிடையே, 1838-இல் டெரோசியோவின் பழைய மாணவர்களும் அவர்களைவிட இளையவர்களும் சேர்ந்து ‘சாதாரண ஞானோபார்ஜிகா சபை’யை நிறுவினர். தலைவர் தாராசந்த் சக்கரவர்த்தி. இங்கேதான் வாய்ப்பேச்சு எழுத்துவழி ஆய்வாக மாறியது. வரலாற்றுக் கல்வியின் பயன் பற்றிக் கிருஷ்ணமோகன் பானர்ஜி வாசித்தார். வங்கமொழி வளர்ச்சி பற்றி உதய சந்திர ஆட்யர். இந்துப் பெண்களின் நிலை பற்றி மகேஷ் சந்திர தேவ். பாங்குரா, திரிபுரா, சிட்டகாங் குறித்த கட்டுரைகளும் உண்டு. தொகுப்புகள் 1840 முதல் 1843 வரை மூன்று தொகுதிகளாக அச்சாயின. என் மதிப்பீட்டில், முழங்கும் உரைகளைவிட இந்த ஊர்க் குறிப்புகளே முக்கியமானவை. தம்மைச் சுற்றியுள்ளதைப் பார்த்து எழுதும் பழக்கம் அவற்றில்தான் உருவானது.

அந்தப் பழக்கம் காவல்துறைப் பக்கம் திரும்பியபோது சிக்கல் வந்தது. 1843 பிப்ரவரி 8 அன்று, கல்லூரி மண்டபத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் குற்றவியல் நீதிமன்றங்களும் காவல்துறையும் வங்கத்தில் இயங்கும் லட்சணத்தைப் பற்றித் தட்சிணாரஞ்சன் முகர்ஜி கட்டுரை வாசித்தார். பாதியில் எழுந்த ரிச்சர்ட்சன், கல்லூரியை ராஜத்துரோகத்தின் கூடாரமாக்க விடமாட்டேன் என்ற பொருளில் இடைமறித்தார். தாராசந்த் பணியவில்லை. ரிச்சர்ட்சன் அங்கே ஒரு பார்வையாளர் மட்டுமே. மண்டபத்துக்கு அனுமதி தந்தது நிர்வாகக் குழு. சொன்னதைத் திரும்பப் பெறவேண்டும் என்றார். தலைவர் இருக்கையிலிருந்து இப்படிப் பேசிய இந்தியரை அந்த முதல்வர் அதற்கு முன் சந்தித்திருக்க வாய்ப்பு குறைவு.

மறுநாள் மதுசூதன் கிறித்தவரானார். நகரின் வம்புப் பேச்சுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் பெரிய விளைவு வேறு: ஞானோபார்ஜிகா சபை கல்லூரியை விட்டு வெளியேறியது. ஆங்கிலேயரின் பத்திரிகைகள் இக்குழுவைச் ‘சக்கரவர்த்தி கோஷ்டி’ என்று கேலி செய்தன. தட்சிணாரஞ்சனின் கட்டுரை மார்ச்சில் ‘பெங்கால் ஹர்க்காரு’ இதழில் முழுமையாக வெளிவந்தது; மண்டபத்தில் சிலர் கேட்டதை இப்போது நகரம் படித்தது. ஏப்ரல் 20 அன்று, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஜார்ஜ் தாம்சனின் துணையோடு, இதே இளைஞர்களில் பலர் ‘பெங்கால் பிரிட்டிஷ் இந்தியா சொசைட்டி’ என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினர்.