வாடகை கட்டிய அப்பிள் மரம்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு விளம்பர வரி. இங்கிலாந்தில் வீடு தேடி அலைந்தவர்கள் இதை ஒருமுறையாவது கண்டிருப்பீர்கள். "பழங்காலத்து நாட்டுப்புறக் கொட்டேஜ், முதிர்ந்த தோட்டத்துடன், விற்பனைக்கு." படத்தில் வைக்கோல் வேய்ந்த கூரை, சின்னச் சன்னல்கள், வாசலில் ஏறி நிற்கும் ரோசாக்கொடி. விலையைப் பார்த்ததும் நம்மில் பலர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால், அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் ஏழைக் குடும்பம் நிற்கிறது.

முதலில் 'கொட்டேஜ்'. இன்று அது வசதியைக் குறிக்கும் சொல். ஒரு காலத்தில் அது ஊரின் கடைசிப் படியில் இருந்தவனின் குடிலைக் குறித்தது. சொந்தக் காணி இல்லாதவன், இருந்தாலும் ஒரு துண்டு மட்டும் உள்ளவன், மற்றவர்களின் வயலில் கூலிக்கு நிற்பவன், அவனுடைய வீடு அது. மரச்சட்டத்துக்கு நடுவே கம்பு பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பிய சுவர். எங்கள் ஊர் மண்வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1589 இல், முதலாம் எலிசபெத் காலத்தில், ஒரு சட்டம் வந்தது. நாலு ஏக்கர் காணி சேர்க்காமல் யாரும் புதிதாகக் கொட்டேஜ் கட்டக்கூடாது என்றது அது. கருணையால் வந்த சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். காணியில்லாத குடும்பம் பெருகினால் அதைத் தாங்கும் செலவு ஊர்ப் பங்கின் தலையில் விழும் என்ற பயமும் அதில் இருந்தது. ஆனாலும் ஓர் உண்மையை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது: வீடு மட்டும் இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்காது, பயிர் செய்ய நிலமும் வேண்டும். சட்டத்தை மீறியும் பல குடில்கள் எழுந்தன. 1775 இல் அது நீக்கப்பட்டது.

அப்படியானால் நாலு ஏக்கர் இல்லாதவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? பொதுநிலத்தால். ஊரைச் சுற்றி மேய்ச்சல் தரவை இருந்தது, புதர்க்காடு இருந்தது. அங்கே ஒரு பசுவை மேய்க்கலாம், வாத்து விடலாம், விறகு பொறுக்கலாம். உறுதியில் எழுதப்பட்ட உரிமை அல்ல பலருக்கு. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

அந்த வழக்கத்தைத்தான் வேலியடைப்புச் சட்டங்கள் முடித்துவைத்தன. 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட சட்டங்கள். அவை தொட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. நடந்த முறை இதுதான். ஊரின் பெரிய காணிக்காரர்கள் பாராளுமன்றத்துக்கு மனுப் போடுவார்கள். சட்டம் நிறைவேறியதும் ஆணையாளர்கள் வருவார்கள், நில அளவையாளர் வருவார், பொதுநிலத்தைத் துண்டு போட்டுப் பங்கு பிரிப்பார்கள். உறுதி வைத்திருந்தவனுக்குப் பங்கு கிடைத்தது. சின்னப் பங்கு கிடைத்தவன் வேலி போடும் செலவைத் தாங்க முடியாமல் பல இடங்களில் அதை விற்றான். வழக்கத்தை மட்டும் வைத்திருந்தவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் நடத்தும் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு, உறுதிக்கும் வழக்கத்துக்கும் உள்ள தூரம் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கதையை உள்ளே இருந்து எழுதிய ஒரு கவிஞர் உண்டு: ஜோன் கிளேர். 1793 இல் ஹெல்ப்ஸ்டன் என்ற கிராமத்தில், வைக்கோல் கூரை போட்ட கொட்டேஜில் பிறந்தவர். தகப்பன் கதிரடிக்கும் கூலியாள், நாட்டுப்பாடல்கள் பாடத் தெரிந்தவர். அந்த வீட்டின் தோட்டத்தில் ஓர் அப்பிள் மரம் நின்றது. நன்றாகக் காய்த்த வருடங்களில் அதன் பழங்களை விற்ற காசில் வீட்டு வாடகை கட்டிவிடுவார்கள் என்று கிளேர் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு வீடு நான்காகப் பிரிக்கப்பட்டது. வாடகை ஏறியது, தோட்டம் ஒடுங்கியது.

விளம்பரத்தில் வரும் 'முதிர்ந்த தோட்டம்' என்ற சொல்லை இந்த மரத்தோடு சேர்த்துப் பாருங்கள். கூலிக் குடும்பத்தின் தோட்டம் கண்ணுக்காக வைத்தது அல்ல. உருளைக்கிழங்கு, கோவா, அவரை, வெங்காயம், முடிந்தால் ஒரு பன்றி, ஒரு தேன்கூடு. பூக்கள் ஓரத்தில் நின்றன, மருந்துச் செடிகளோடு கலந்து. பொதுநிலம் போன பிறகு அந்தத் துண்டுத் தோட்டமே பல குடும்பங்களுக்கு மிஞ்சியது.

ஹெல்ப்ஸ்டனுக்கான வேலியடைப்புச் சட்டம் 1809 இல் வந்தது. கிளேருக்கு அப்போது பதினாறு வயது. கொடுமை என்னவென்றால், வேறு கூலி இல்லாததால் அவரே வேலி போடும் வேலைக்கும் போனார். தான் ஓடித்திரிந்த நிலத்தைத் தன் கையாலேயே அடைத்தார். 1820 இல் முதல் கவிதைத் தொகுதி வந்தது. வெளியிட்டவர் கீற்ஸின் பதிப்பாளரான ஜோன் டெய்லர். ஒரே வருடத்தில் பல பதிப்புகள். லண்டன் அவரை 'உழவர் கவிஞர்' என்று கொண்டாடியது, பிறகு மறந்தது. 1832 இல் மூன்று மைல் தள்ளி, நோர்த்பரோவில், இதைவிட நல்ல ஒரு கொட்டேஜுக்குக் குடும்பத்தோடு மாறினார். மூன்று மைல்தான். அந்த இடப்பெயர்வின் துயரத்தை அவர் தனிக் கவிதையாகவே எழுதினார்.

1837 இல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். அதற்கு ஒரே காரணம் சொல்வது சரியல்ல. வறுமை, நோய், தோல்வி எல்லாம் இருந்தன. 1841 இல் எஸெக்ஸில் இருந்த விடுதியை விட்டு வெளியேறி, ஏறத்தாழ 80 மைல் நடந்தே வீடு திரும்பினார். வழியில் பசிக்குப் புல்லைத் தின்றார். அந்த வருட இறுதியிலேயே மீண்டும் நோர்தாம்ப்டனில் ஒரு விடுதியில் சேர்க்கப்பட்டு, 1864 இல் அங்கேயே இறந்தார்.

இதே காலத்தில் செல்வந்தர்களுக்குக் கொட்டேஜின் மேல் காதல் பிறந்தது. 1780 வாக்கில் டோர்செட்டில் மில்டன் பிரபு, தன் மாளிகையின் பார்வையைக் கெடுக்கிறது என்று ஒரு சிறுநகரையே இடித்துவிட்டு, பள்ளத்தாக்கில் ஒரேமாதிரியான வைக்கோல் கூரை வீடுகளை வரிசையாகக் கட்டுவித்தார். இன்று படங்களில் புகழ்பெற்ற மில்டன் அபாஸ் அதுதான். 1811 இல் பிரிஸ்டலுக்கு அருகே, ஜோன் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் ஒரு வங்கியாளரின் ஓய்வுபெற்ற பணியாளர்களுக்காக ஒன்பது கொட்டேஜ்களை வடிவமைத்தார். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. பின்னர் ஹெலன் அலிங்ஹம் நீர்வண்ணத்தில் சரே மாவட்டத்துக் குடில்களை வரைந்தார். கேர்ட்ரூட் ஜீக்கில் அந்தக் கலப்புத் தோட்டத்தில் இருந்து பாடம் கற்று, அதைப் பெரிய வீடுகளின் தோட்டக் கலையாக்கினார். 1870களில் விவசாயம் சரிந்து கூலியாட்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் போக, அழகு மிஞ்சியது.

அந்த அழகைக் காத்தவர்களை நான் குறைசொல்ல வரவில்லை. 1877 இல் வில்லியம் மொறிஸ் பழைய கட்டடங்களைக் காக்கச் சங்கம் தொடங்கினார். 1947 இன் திட்டமிடல் சட்டம் பட்டியலிட்ட கட்டடங்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. அவை இல்லாவிட்டால் இந்தச் சுவர்களில் பல இன்று இல்லை. ஆனால் சட்டம் சுவரைத்தான் காக்கிறது. அதற்குள் யார் இருந்தார்கள் என்பதை நாம்தான் கேட்கவேண்டும்.

கேட்டால் பதிலும் கிடைக்கும். மாவட்ட ஆவணக் காப்பகங்களில் வேலியடைப்பு வரைபடங்கள் இருக்கின்றன. 1841 முதல் குடிசனக் கணக்கெடுப்பில் வீட்டில் இருந்தவர்களின் பெயரும் தொழிலும் இருக்கின்றன. ஊரில் விட்டுவந்த வீட்டை அங்கு நின்ற மாமரத்தையும் கிணற்றையும் சொல்லி அடையாளம் காட்டும் எங்களுக்கு, இந்தப் பதிவுகளின் பெறுமதி தெரியும். எங்கள் வளவுகளுக்கும் யாராவது இப்படி எழுதிவைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

கிளேர் பிறந்த கொட்டேஜை அவர் பெயரிலான அறக்கட்டளை 2005 இல் வாங்கி, பின்னர் மக்கள் பார்வைக்குத் திறந்தது. கூலியாள் குடும்பம் வாடகைக்குத் திண்டாடிய வீட்டுக்கு இப்போது பார்வையாளர்கள் போகிறார்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். அந்த அப்பிள் மரத்தின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.