பெயர் தெரியாத பெண்மணி

இத்துடன் இணைத்திருக்கும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ நாவலின் பல பதிப்புகளுக்கு இதுதான் அட்டைப்படம். இவர்தான் அன்னா என்று நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அது தவறு.

1883இல் ரஷ்ய ஓவியர் இவான் கிராம்ஸ்கோய் வரைந்தது இது. ‘அறியப்படாதவள்’ என்பதே தலைப்பு.

ஒரு சான்று கையில் கிடைத்தால் முதலில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள், கருத்தை அப்புறம் சொல்லலாம் என்று வகுப்பில் சொல்வேனே, அப்படியே பார்ப்போம். இடம், பீட்டர்ஸ்பர்க் நகரின் நெவ்ஸ்கி பெருஞ்சாலை. பின்னால் பனிமூட்டத்தில் மங்கலாகத் தெரிவது அனிச்கோவ் அரண்மனை. மேல்மூடி இல்லாத குதிரை வண்டியில் ஒரு பெண் தனியாக அமர்ந்திருக்கிறார். கருநீல வெல்வெட் மேலங்கி, அதன் ஓரங்களில் மென்மயிர்த் தோல், தொப்பியில் வெள்ளை இறகு, மெல்லிய கையுறை, தங்கக் காப்பு. நம்மை நேராகப் பார்க்கிறார்.

அன்றைய ரஷ்யர் பலர் இதோடு நிற்கவில்லை. உயர்குடிப் பெண் திறந்த வண்டியில் துணையில்லாமல் போகமாட்டாள். புது நாகரிகம் அத்தனையையும் ஒருசேர அணியவும் மாட்டாள். ஆகவே இவள் பணக்காரர் தயவில் வாழ்பவள் என்று முடிவு கட்டினார்கள். புகழ்பெற்ற விமர்சகர் ஸ்தாசோவும் அப்படித்தான் சொன்னார். ரஷ்ய ஓவியங்களைத் தேடித் தேடி வாங்கிய டிரெட்யாகோவ் இதை வாங்கவில்லை. அவர் பெயரால் விளங்கும் மாஸ்கோ காட்சிக்கூடத்துக்கு இது வந்து சேர்ந்தது 1925இல்தான்.

பின்வந்தவர்களோ இவரை அன்னா ஆக்கினார்கள். 1873இல் கிராம்ஸ்கோய் டால்ஸ்டாயை நேரில் வரைந்தார். அப்போது டால்ஸ்டாய் எழுதிக்கொண்டிருந்தது அந்த நாவல். அதுதான் அவர்களுக்குக் கிடைத்த பிடிமானம்.

கையுறையின் சுருக்கம் வரை விடாமல் தீட்டிய ஓவியர், இவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆக, ‘கெட்டவள்’ என்பதும் படத்தில் இல்லை, ‘அன்னா’ என்பதும் இல்லை. இரண்டும் பார்த்தவர்கள் கொண்டுவந்தவை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நானும் அப்படிப் பார்த்தவன்தான். ஒருமுறை, சீருடை இல்லாத நாளில் பளபளவென்று உடுத்தி வந்த ஒரு மாணவியிடம், “படிக்க வந்தியா, பவுசு காட்ட வந்தியா?” என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலை குனியவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். திமிர் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு புதுத்துணி. மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

அம்மா, நீ இதைப் படிக்கிறாயோ என்னவோ. அன்று பிழை என்னுடையது. மன்னித்துவிடு.

மற்ற பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தெரிவதை மட்டும் கீழே எழுதுங்கள்.