மோதிரவிரலின் ஓரத்தில்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படும் திசையில் அமைந்தமையால் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலப்பரப்பில், போரதீவுப்பற்றின் நிருவாக மையமாக விளங்கும் வெல்லாவெளி ஒரு வயல்நாட்டு ஊராகும். இவ்வூரும் அடங்கும் இலங்கையின் உலர்வலயம் எங்கும் நெடுங்காலம் வேளாண்மையோடு ஒட்டியே இருந்த மலேரியாவின் வரலாற்றை நுளம்பையும் அதைக் கொல்லும் டீடீடியையும் மட்டும் வைத்து எழுதுவதே வழக்கமாகிவிட்டது. விரல்நுனியிலிருந்து ஒரு துளிக் குருதியைப் பழுதின்றி எடுத்த கைகளுக்கும் அதில் உரிய இடம் உண்டு.

நாடிகளையும் நாளங்களையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்களான குருதிமயிர்க்குழாய்களிலிருந்து பெறும் இத்துளியை, 1903இல் மருத்துவர் ரொனால்ட் ரோஸ் விளக்கிய தடித்த பூச்சு முறைப்படி கண்ணாடித் தகட்டில் திரளாகப் பரப்பி உலரவிட்டுச் சாயமூட்டினால், சாயக் கரைசலின் நீரில் செங்குழியங்கள் உடைந்து கரைய, மலேரியா ஒட்டுண்ணிகள் எஞ்சித் தெரியும். விரலைத் துடைத்த ஸ்பிரிட் முற்றாக உலருமுன் குத்தக்கூடாது என்னும் விதிக்கு இதுவும் ஒரு காரணம்: துளியோடு கலக்கும் ஸ்பிரிட் செங்குழியங்களைக் கரையவிடாது நிலைப்படுத்திவிட, பூச்சே பயனற்றுப் போகும்.

1934, 1935ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்த இலங்கையில், டீடீடியின் பயனாக 1963இல் பதிவான நோயாளர் 17 பேராகச் சுருங்கினர். தெளிப்பு நிறுத்தப்பட்டு, கண்காணிப்பும் தளர்ந்த பின்னர், 1969இல் அத்தொகை 5 இலட்சத்தையும் மிஞ்சியது. காய்ச்சற்காரரின் குருதியை விடாது பார்த்துவருதலின் அருமையை அந்த ஆறு ஆண்டுகளைப் போல் வேறெதுவும் உணர்த்தவில்லை.

ஆயினும், நோயைத் தேடும் ஊசியே நோயைக் கடத்தவும் கூடும். ஊசியைச் சுவாலையில் காட்டி அடுத்தவருக்கும் பயன்படுத்திய பழைய வழக்கம், ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசும் பின்னர் எச்ஐவியும் அறியப்பட்ட நிலையில் ஏற்கத்தகாததாயிற்று. 1990 அளவில் கலிபோர்னிய வைத்தியசாலை ஒன்றில், சுருள்வில்லால் இயங்கும் விரற்குத்துக் கருவியின் தோலில் படும் பகுதி நோயாளிக்கு நோயாளி மாற்றப்படாமையால் ஹெப்பற்றைற்றிஸ் பி பரவியமை, ஊசியை மட்டும் மாற்றுவது போதாதென்பதைக் காட்டியது.

குருதி எடுத்தல் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒருமுறை மட்டும் பயன்படும் குத்தூசியையும் கையுறையையும் வலியுறுத்துகிறது. வயது வந்தவருக்கு நடுவிரல் அல்லது மோதிரவிரலின் ஓரமே ஏற்றது. சுண்டுவிரலில் தசை மெலிந்து எலும்பு அண்மித்திருக்கும், பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தோல் தடித்திருக்கும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த வயற்காரர் விரல்களில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. இழையப்பாய்மம் கலந்த முதற்றுளியைத் துடைத்தகற்ற வேண்டும். விரலைப் பிசைந்து பிழிந்தால் அதே பாய்மம் மீண்டும் கலந்து குருதியை ஐதாக்கும். கைக்குழந்தைகளுக்கு விரல் விலக்கப்பட்டு, குதிக்காலின் பக்கப்பகுதி கொள்ளப்படும். அங்கும் ஊசி 2.4 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கலாகாது.

இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் மலேரியாவின் சுமையைப் பெரிதும் தாங்கியவை வடக்கும் கிழக்குமே. 2011இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 10 இலட்சம் குருதிப் பூச்சுகள் பரிசோதிக்கப்பட்டன. 2012 ஒக்டோபரின் பின்னர் உள்நாட்டுத் தொற்று காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்றளிக்கப்பெற்றது. இன்று அதே விரலோரம் பெரும்பாலும் சீனி வருத்தத்துக்காகக் குத்தப்படுகிறது. வீட்டிலுள்ள குத்துக் கருவி ஒருவருக்கே உரியது, கணவனும் மனைவியும்கூட அதைப் பகிரலாகாது.