கராவாங் வயல்களிற் பன்னிரு மாணவர்

விடுமுறைக் காலங்களில் மாணவரைச் சிரமதானத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் நம்மிற் பலர். ஒழுங்கையைச் செப்பனிட்டு, குளக்கட்டில் மரக்கன்று நாட்டி, படமும் பிடித்துக்கொண்டு மாலையில் வீடு திரும்புகின்றோம். கிராமத்தவர் தேநீர் தந்து வழியனுப்புகின்றனர். அடுத்த ஆண்டு அவ்வழியே போகும்போது, நாட்டிய கன்றுகளில் ஒன்றேனும் நிற்கவில்லை என்பதைக் கண்டு நாம் நாணியதும் உண்டு. படித்தவன் கிராமத்துக்குச் செல்லல் வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. ஆயின் அவன் அங்கு எவ்வளவு காலம் இருக்கிறான், யாருடைய சொற்படி நடக்கிறான், அவன் போனபின் கிராமத்தவர் கையில் எஞ்சுவது யாது என்னும் வினாக்களை நாம் போதியளவு எழுப்புவதில்லை. சர்வகலாசாலை மாணவரின் கிராம சேவையை நீண்ட காலமாக, பெருமளவில், சட்டத்தின் துணையோடு நடத்திப் பார்த்த ஆசிய நாடுகளில் இந்தோனேசியா முதன்மையானது. அந்நாட்டின் அனுபவம் இவ்வினாக்களுக்கு விடை தேட உதவும்.

1949 ஆம் ஆண்டின் இறுதியில் ஒல்லாந்தர் ஆட்சியுரிமையைக் கையளித்தபோது, முந்நூறு ஆண்டு வாணிபமும் ஆட்சியும் விட்டுச் சென்ற கல்விச் செல்வம் மிகச் சொற்பமாகவே இருந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் யோக்யகார்த்தாவில் நிறுவப்பெற்ற காஜா மாடா சர்வகலாசாலைக்குச் சொந்தக் கட்டடமும் இல்லை. சுல்தானின் அரண்மனை மண்டபங்களிலேயே பல ஆண்டுகள் விரிவுரைகள் நடந்தன. யாவாவுக்கு வெளியேயுள்ள தீவுகளில் உயர்நிலைப் பள்ளிகள் அரிது. பள்ளி இருந்த இடத்திலும் கற்பிக்க ஆளில்லை. எனவே 1951 இல் மாணவர் சிலர் தம் படிப்பை இடைநிறுத்தி, அத்தீவுகளுக்குச் சென்று ஆசிரியப் பணி புரிய முன்வந்தனர். கூஸ்நாடி ஹார்ஜாசுமந்திரி என்னும் சட்ட மாணவர் இம்முயற்சியின் உயிர்நாடியாக விளங்கினார். அவர் தாமே தீமோர்த் தீவின் குப்பாங் நகருக்குச் சென்று கற்பித்தார். 1962 வரை நீடித்த இத்திட்டத்தின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் கடல் கடந்து சென்றனர். அவர்களிடம் கற்ற பிள்ளைகள் பலர் பின்னர் அதே சர்வகலாசாலையின் வாயிலை மிதித்தனர். பத்தாண்டுச் சேவையின் பயனை அளக்க இதைவிட வேறு அளவுகோல் தேவையில்லை என்பதே நம் எண்ணம்.

1961 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, சமுதாயத் தொண்டு ஆகிய மூன்றையும் சர்வகலாசாலையின் கடமைகளாக வகுத்தது. சட்டத்தில் எழுதுதல் எளிது. அச்சட்டம் வயலில் இறங்கிய வரலாறே நமக்கு வேண்டுவது.

அக்கால யாவாக் கமக்காரனின் நிலைமையைச் சிறிது நோக்குவோம். அரை ஹெக்டேயர் வயலும் இல்லாத குடும்பங்களே பெரும்பான்மை. நிலமற்றோர் விளைவிற் பாதியைக் கொடுத்தேனும் வாரத்துக்குச் செய்தனர். 1960 இல் வாரக்குடிச் சட்டமும் அடிப்படை நிலச் சட்டமும் நிறைவேறின. நிலவுடைமைக்கு உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. சட்டம் ஏட்டில் உறங்கியபோது, 1963 முதல் கமக்காரர் சங்கங்கள் தாமே அதனை நிறைவேற்றப் புறப்பட்டன. நிலவுடைமையாளர் எதிர்த்து நின்றனர். மறுபுறம் நகரங்களில் அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. அரசு அரிசியை இறக்குமதி செய்துகொண்டிருந்தது.

இச்சூழலிலேதான் 1963–64 ஆம் ஆண்டின் மழைப் போகத்தில், போகோர் விவசாயக் கல்லூரியைச் சேர்ந்த பன்னிரண்டு மாணவர் மேற்கு யாவாவின் கராவாங் மாவட்டத்துக்குச் சென்றனர். கராவாங் வடகரையோர நெற்களஞ்சியம். 1947 டிசெம்பரில் ஒல்லாந்தப் படையினர் ராவாகெடே கிராமத்து ஆண்களைச் சுட்டுக் கொன்றதும் இம்மாவட்டத்திலேயே. மாணவர் ஏறத்தாழ நூறு ஹெக்டேயர் வயலுக்கு வழிகாட்டிகளாயினர். அவர்கள் கொண்டு சென்ற பாடம் புதிதன்று: நல்ல விதை, பசளை, ஒழுங்கான நீர்ப்பாய்ச்சல், திருந்திய நடுகை முறை, பீடைக் கட்டுப்பாடு என்னும் ஐந்து முயற்சிகள். விவசாயப் போதனாசிரியர்கள் இவற்றை ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்தனர். கமக்காரர் கேட்டுத் தலையசைத்து வந்தனர்.

புதியது வேறொன்று. மாணவர் கிராமத்திலேயே குடியிருந்தனர். நாற்று மேடை தொடங்கி அறுவடை வரை ஒரு போகம் முழுவதையும் கமக்காரனோடு கழித்தனர். பசளை வந்து சேரவில்லையாயின், ‘மேலிடத்துக்கு அறிவித்துள்ளோம்’ எனக் கூறித் தப்பிச் செல்ல இயலாது. மாலையில் அதே கமக்காரனின் வீட்டுத் திண்ணைக்கே திரும்ப வேண்டும். ஆதலின் அவர்களே அலுவலகப் படியேறி வாதிட்டனர். பதவியுயர்வை எதிர்நோக்கும் உத்தியோகத்தன் அஞ்சும் இடத்தில், இழப்பதற்குப் பதவியற்ற மாணவன் அஞ்சவில்லை. கமக்காரன் கேட்ட கேள்விக்குப் புத்தகத்தில் விடை கிடையாதபோது, அவனிடமே கேட்டறிந்து குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும் நேர்ந்தது. அப்போகத்தில் விளைச்சல் கணிசமாக உயர்ந்தது. அதன் காரணம் பசளை மட்டுமே எனக் கொள்வோர், பசளை உரிய நாளில் வயலை அடைந்தமைக்கு யார் காரணம் என்பதை மறந்து விடுகின்றனர்.

வெற்றி கண்ட இடத்தில் அதிகாரவர்க்கம் முதலிற் செய்வது பெருக்கற் கணக்கு. அடுத்த ஆண்டு நானூறுக்கு மேற்பட்ட மாணவர், பதினோராயிரம் ஹெக்டேயர் அளவிலான வயல்கள். அதற்கடுத்த ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் ஹெக்டேயர். திட்டத்தின் பெயரும் ‘பீமாஸ்’, அதாவது வெகுசன வழிகாட்டல், என்றாயிற்று. ஒரு மாணவனுக்கு எட்டு ஹெக்டேயர் என்ற விகிதம் மூன்றாண்டுக்குள் சிதைந்தது. ஒவ்வொரு வரப்பையும் அறிந்த நண்பனின் இடத்தை, இலக்கை எட்டவேண்டிய மேற்பார்வையாளன் பிடிக்கத் தொடங்கினான்.

அதற்கிடையில் 1965 வந்தது. செப்டெம்பர் 30 ஆம் திகதி இரவு தொடங்கிய நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து, அவ்வாண்டின் இறுதியிலும் 1966 இலும் யாவாவிலும் பாலியிலும் வடசுமாத்திராவிலும் நிகழ்ந்த படுகொலையிற் குறைந்தது ஐந்து இலட்சம் பேர் மாண்டனர் என வரலாற்றாசிரியர் பலர் கணிக்கின்றனர். நிலம் கோரி எழுந்த கமக்காரர் அவருட் பெருந்தொகையினர். அவர்தம் சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. பீமாஸ் பற்றி எழுதிய பொருளியல் நூல்கள் சில இப்படுகொலையை ஓர் அடிக்குறிப்பாகவும் ஏற்பதில்லை. எமக்கோ, அதனை விட்டுவிட்டு அதன்பின் வந்த கிராம வரலாற்றை விளங்கிக்கொள்ள வழி தெரியவில்லை. ‘இது வேண்டாம்’ எனக் கூடிச் சொல்லவல்ல குரல் கிராமத்தில் அடக்கப்பட்டபின், வழிகாட்டல் கட்டளையாக மாறுவதற்குத் தடை யாது?

தடை இருக்கவில்லை. 1968 இல், பரஸ்பர உதவி என்னும் பொருள்படும் ‘கோத்தோங் ரோயோங்’ என்ற பழைய கிராமியச் சொல்லைச் சூட்டி, புதிய பீமாஸ் ஒன்றை அரசு தொடங்கியது. அதில் உதவியாளராக வந்தோர் சுவிற்சர்லாந்தின் சீபா, ஜேர்மனியின் ஹெக்ஸ்ட், யப்பானின் மிற்சுபிஷி முதலிய கம்பனிகள். விதை, பசளை, பூச்சிநாசினி, நிர்வாகம் யாவற்றையும் ஹெக்டேயருக்கு இவ்வளவு என்ற கணக்கில் அக்கம்பனிகள் வழங்கின. அரசு பணம் செலுத்தியது. கமக்காரன் தன் விளைவில் ஆறிலொரு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. நம் பழைய இலக்கியங்களில் அரசனுக்குரிய ஆறிலொன்றைப் படித்தவர்களுக்கு இவ்வெண் வியப்பளிக்கும். தண்டு துளைக்கும் புழுவைக் கொல்ல விமானத்திலிருந்து நஞ்சு தெளிக்கப்பட்டது. வயல் நீரில் மீன் வளர்த்தலும் வாத்து மேய்த்தலும் யாவாக் கமக்காரனின் பழைய பிழைப்புகள். வானிலிருந்து விழுந்த நஞ்சு மீனையும் புழுவையும் வேறுபடுத்தி அறியவில்லை. தன் வயலுக்கு மருந்து வேண்டுமா என எவரும் கமக்காரனைக் கேட்கவுமில்லை. பங்கு செலுத்தப்படவில்லை, ஊழல் பற்றிய செய்திகள் வெளிவந்தன, நகர மாணவரும் பத்திரிகைகளும் கண்டித்தனர், 1970 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இக்காலத்திலேயே, ஆரவாரமற்ற வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. யோக்யகார்த்தாவின் தென்கிழக்கேயுள்ள குனுங் கிதுல் சுண்ணக்கல் பூமி. காடு வெட்டப்பட்டு மண் அரிக்கப்பட்டுப் பாறை வெளித்தெரிய, கோடையில் நீருக்கு அலையும் வறிய பிரதேசம். 1960 களின் நடுப்பகுதியில் காஜா மாடாவின் வனவியல் ஆசிரியை ஓமி ஹனிஇன் சுசேனோ தம் தோழர்களோடும் மாணவரோடும் அங்கு பத்து ஹெக்டேயர் தரிசில் மரம் நடத் தொடங்கினார். பாறையைக் கொத்திக் குழி தோண்டி நட்ட மரங்கள் பல, பட்டன பல, தழைத்தவற்றைக் கண்டு மேலும் நட்டனர். அயற்கிராமத்தவருக்கு மாட்டுப்புல்லும் விறகும் வேண்டும் என்பதை மறவாது, அவற்றுக்குரிய பயிர்களையும் இடையிடையே வளர்த்தனர். வனகாமா எனப் பெயர் பெற்ற அக்காடு பின்னர் ஏறத்தாழ அறுநூறு ஹெக்டேயராக விரிந்தது. வற்றிய ஊற்றுக்கள் மீண்டும் சுரந்தன. ஓர் ஆசிரியர் ஒரே இடத்தில் இருபது ஆண்டு நின்றதன் விளைவு இது.

1971 இல் மாணவர் சேவை மீண்டும் அரச திட்டமாக உருப்பெற்றது. யாவாவின் காஜா மாடா, சுமாத்திராவின் அண்டலாஸ், சுலவேசியின் ஹசனுத்தீன் ஆகிய மூன்று சர்வகலாசாலைகளில் அது பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பெற்றது. அதனை வகுத்தவர், அப்போது உயர்கல்வித் திணைக்களத்திற் பணியாற்றிய அதே கூஸ்நாடி. ‘கூலியா கெர்ஜா ஞாத்தா’ என்பது பெயர். நம் செவிக்குக் ‘கூலி’ என ஒலிப்பினும் ‘கூலியா’ என்பது விரிவுரை, கெர்ஜா வேலை, ஞாத்தா மெய்யானது. வெவ்வேறு துறை மாணவர் சிறு குழுவாகச் சில மாதங்கள் ஒரு கிராமத்தில் வாழ்ந்து, கிணறு, கழிவறை, மரநடுகை, கைத்தொழில், எழுத்தறிவு ஆகியவற்றிற் கிராமத்தவரோடு உழைத்தல் வேண்டும். காலப்போக்கில் இது பல சர்வகலாசாலைகளிற் பட்டத்துக்கு இன்றியமையாத பாடமாயிற்று.

திட்டத்தை வகுத்தவரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அது வளர்ந்த காலத்தை மறத்தலாகாது. 1970 களில், தேர்தற் காலம் தவிர்ந்த வேளைகளிற் கிராமத்தில் அரசியற் கட்சிகள் இயங்குதல் தடுக்கப்பட்டது. 1978 இல் மாணவர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு, சர்வகலாசாலை வளாகத்தினுள் அரசியல் விலக்கப்பட்டது. பேசுதற்கு வாயில்லாத கிராமமும் பேசுதற்குத் தடையுள்ள மாணவனும் சந்தித்தபோது, வேலியடைத்தலும் வேலிக்குச் சுண்ணாம்பு தீட்டலுமே பாதுகாப்பான பணிகளாயின. நிலம் யாருடையது என்னும் வினாவைக் குறிப்பேட்டில் எழுதிய மாணவன் அதனை அறிக்கையிற் சேர்த்திருப்பானா?

வயலிலோ, கட்டளையின் பயன் பெருகிக்கொண்டிருந்தது. மலிந்த விலையில் நஞ்சு தாராளமாக வழங்கப்பட்டது; 1980 களின் நடுப்பகுதியில் அதன் விலையில் ஏறத்தாழ 80 வீதத்தை அரசே ஏற்றது. நம் கமக்காரர் ‘அறக்கொட்டி’ என்றழைக்கும் கபிலநிறத் தத்தி 1976–77 இல் நாலரை இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட வயல்களைத் தாக்கியது. அடித்த மருந்துக்கு அது ஏன் அடங்கவில்லை? தத்தியின் முட்டை நெற்பயிரின் இலையுறைக்குள் மறைந்திருப்பது. மருந்து அதனை எட்டாது. மருந்து எட்டுவது தத்தியைத் தின்று வாழும் சிலந்தியையும் பிற பூச்சிகளையுமே. சில நாளில் முட்டைகள் பொரிக்கும்போது, வயலிற் பகைவர் எவருமில்லை. மேலும் மருந்தடித்தால் மேலும் தத்தி. 1984 இல் அரிசியில் தன்னிறைவு எய்திய பெருமையை மறு ஆண்டு ஜனாதிபதி சுகார்த்தோ ரோமாபுரியில் உலக உணவு விவசாய நிறுவனத்தின் முன் எடுத்துரைத்தார். அடுத்த போகங்களிலேயே யாவாவின் வயல்கள் எரிந்த தாள்போற் கருகின. பூச்சியியல் அறிஞர் பலகாலம் கூறி வந்ததை அரசு இப்போது செவிமடுத்தது. 1986 நவம்பரில் 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்வயலில் உபயோகித்தல் தடைசெய்யப்பட்டது. 1989 இன் தொடக்கத்தில் மானியமும் நின்றது.

அதன்பின் தோன்றியவையே கமக்காரரின் வயற்பள்ளிகள். காஜா மாடாவின் பூச்சியியலாளர் கசும்போகோ உந்துங் போன்றோர் இவற்றுக்கு அறிவுத் துணையாயினர். இருபத்தைந்து பேர் வரையிலான கமக்காரர், ஒரு போகம் முழுவதும், வாரம் ஒரு காலை, வயலோரம் கூடினர். முதலிற் சேற்றில் இறங்கிப் பயிரைப் புரட்டிப் பூச்சிகளை எண்ணினர். பின் மரநிழலிலமர்ந்து, கண்டவற்றைப் பெரிய தாளிற் படமாக வரைந்தனர்: நடுவில் நெற்பயிர், ஒருபுறம் அதனைத் தின்பன, மறுபுறம் தின்பனவற்றைத் தின்பன. மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை அப்படத்தை வைத்து அவர்களே வாதித்து முடிவு செய்தனர். எழுத்தறியாதவரும் சிலந்தியை வரையக் கூடும். பயிற்றுவோனுக்கு ஒரு கண்டிப்பான விதியிருந்தது: ‘இது என்ன பூச்சி?’ எனக் கேட்டால் பெயர் சொல்லலாகாது. ‘எங்கே கண்டீர்கள்? அது என்ன செய்துகொண்டிருந்தது?’ எனத் திருப்பிக் கேட்க வேண்டும். ஆசிரியத் தொழில் புரியும் நம்மால் அரைமணி நேரமேனும் கைக்கொள்ள இயலாத விதி இது. கராவாங் மாணவனின் கையிலிருந்த குறிப்பேடு, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கமக்காரனின் கைக்கு வந்தது.

1999 வரையிற் பத்து இலட்சம் கமக்காரர் அளவில் இப்பள்ளிகளிற் பயின்றனர். செலவு பெரும்பாலும் அமெரிக்க உதவியும் உலக வங்கிக் கடனும். கடன் முடிந்ததும் பள்ளிகள் பல கலைந்தன. சில இடங்களிற் கமக்காரர் தாமே சங்கமாகித் தொடர்ந்தனர். சுகார்த்தோ 1998 இல் வீழ்ந்தபின் நஞ்சு வியாபாரம் மீண்டும் கிராமக் கடைகளை நிறைத்தது. 2010, 2011 ஆம் ஆண்டுகளில் அறக்கொட்டி யாவாவின் வயல்களிற் பேரளவிற் பெருகியது. கூஸ்நாடி அதனைக் காண இருக்கவில்லை. 2007 மார்ச்சில் யோக்யகார்த்தா விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். அவர் தொடக்கிய திட்டத்தின் கீழ் மாணவர் இன்றும் ஆண்டுதோறும் கிராமங்களுக்குச் சென்றுகொண்டிருக்கின்றனர். அவர்கள் தங்குவது பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள். நெல் விதைத்து அறுவடையாக நான்கு மாதமாகும்.